டிடி (டிரங்க் அண்ட் டிரைவ்) கேஸ்: செக்கிங்கையும் ஊதும் மெஷினையும் கோர்ட்டில் எப்படி எதிர்ப்பது

ஜே.எம். (ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு எப்படி முடிகிறது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயரைக் கூப்பிடுவார்கள், "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்பார்கள், "ஒத்துக்கிறேங்க" என்று சொன்னதும் அபராதம் எழுதுவார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு வார்த்தையோடு மெஷின் சரியா, அது அச்சிட்டுத் தரும் சீட்டு சரியா, பிடித்த விதம் சரியா என்ற எல்லாக் கேள்வியும் அடைபட்டுப்போகிறது. குற்றத்தை ஒத்துக்கொண்டபின், தண்டனையின் அளவையும் அது சட்டப்படியானதா என்பதையும் தவிர வேறெதையும் மேல்முறையீட்டில் கிளப்ப முடியாது. உண்மையிலேயே அளவுக்குள் இருந்தவர், மெஷின் தவறாகக் காட்டியவர், ஓட்டாமலே மாட்டியவர் ஆகியோர் இந்த அவசரத்தில் வீணாகத் தண்டனை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

குடித்தால் வண்டியை எடுக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், நெல் காயும் ரோடு, சைக்கிளில் வீடு திரும்பும் கூலி வேலைக்காரர்கள் என்று இருக்கும் டெல்டா ரோடுகளில் அது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சட்டம் கேட்கும் அளவு

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. ஓட்டும்போது அல்லது ஓட்ட முயலும்போது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது குற்றம். சரியாக 30 இருந்தால் குற்றமில்லை, அதைத் தாண்டியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இரண்டாம் முறைக்கு 2 வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். முன்பே ஒரு 185 தண்டனை இருந்து மறுபடி தண்டனை பெற்றால், பிரிவு 22-ன்படி லைசென்ஸையே கோர்ட் ரத்து செய்ய வேண்டும். ஆகவே இன்று "கட்டிட்டுப் போயிடலாம்" என்று ஒத்துக்கொள்வது அடுத்த வழக்குக்கு அடித்தளம் போட்டுக் கொடுப்பது போல.

ரோட்டிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியல் பிரிவு 200-ல் இருக்கிறது. அதில் 185 கிடையாது. அதனால் ரசீது இல்லாமல் யாராவது "இங்கேயே முடிச்சுடலாம்" என்றால் அது லஞ்சம், கொடுப்பவருக்கும் தனி வழக்கு வரும்.

இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கேட்பது உங்கள் உரிமை.

நிறுத்தியதை எதிர்ப்பது

இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். யூனிஃபார்மில் இருக்கும் போலீஸ் வண்டியை நிறுத்தி லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் கேட்கலாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டினாலே போதும். "எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்தினார்கள்" என்ற வாதம் மட்டும் வழக்கை உடைக்காது.

ஆனால் நிறுத்துவது வேறு, ஊதச் சொல்வது வேறு. பிரிவு 203(1) ஊதச் சொல்வதற்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. கேட்பவர் யூனிஃபார்மில் உள்ள போலீஸ் அல்லது அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அதிகாரியாக இருக்க வேண்டும். ஊர்க்காவல் படையினர் கேட்க முடியாது. இடம் பொது இடமாக இருக்க வேண்டும். மூன்றாவது, குடித்திருப்பார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும். வாடை, தடுமாற்றம், வண்டி வளைந்து வளைந்து வந்தது என்று ஏதாவது ஒன்று ஆவணத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வரிசையாக எல்லோரையும் ஊதவைத்துவிட்டு ஒரு காரணமும் எழுதாமல் விட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் அதைப் பிடிக்கலாம். தனியாக நின்று வெல்லும் வாதம் அல்ல இது. மெஷின் குறைபாட்டோடு சேரும்போது கனம் கூடும்.

பொது இடம் என்ற நிபந்தனை நம் பகுதியில் நிஜமாகவே உதவும். டிராக்டரும் மோட்டார் வாகனம்தான். ஆனால் சொந்த வயலுக்குள்ளோ நெல் களத்திலோ இருந்த டிராக்டர் ஓட்டுநரை 185-ல் பிடித்தால், பொதுமக்களுக்கு அந்த இடத்தில் நுழைய உரிமை இருந்ததா என்ற கேள்வி வரும். வாய்க்கால் கரைப் பாதையில் ஊர் மக்கள் போய்வரும் வழக்கம் இருந்தால் அது பொது இடம் ஆகிவிடும். மகஜரில் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பதிவு) இடம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, சர்வே எண் என்ன, எல்லை என்ன என்று பாருங்கள்.

ஓட்டாமல் இருந்ததும் அப்படித்தான். டீக்கடை ஓரம் ஸ்டாண்டு போட்ட பைக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் ஓட்டவில்லை. சாவி பையில் இருந்ததா, எஞ்சின் ஓடியதா என்பதைப் பார்த்தவர்கள் யார் என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஊத மறுக்கலாமா?

மறுக்காதீர்கள். மறுத்தால் 203(4)-ன்படி வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். பிரிவு 205-ன்படி தக்க காரணம் காட்டாத மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்ப்பதாக கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். "எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது" என்ற அரசியலமைப்பு வாதமும் எடுபடாது. உடல் சார்ந்த மாதிரி கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே காத்தி காலு ஓகத் வழக்கில் சொல்லிவிட்டது. ஆஸ்துமா, நெஞ்சுச் சளி என்று மூச்சை முழுதாக ஊத முடியாத நிலை இருந்தால் அதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குத் தயார் என்றும் சொல்லுங்கள். அப்போது அது மறுப்பாகாது.

மெஷினில்தான் விஷயம் இருக்கிறது

வழக்குகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஊதும் முன் மூன்று விஷயம் பாருங்கள். வாயில் வைக்கும் குழாய் புதிதா, கவரைப் பிரித்துத்தான் மாட்டினார்களா? வெறும் காற்றில் சோதித்தபோது திரையில் பூஜ்யம் வந்ததா? உங்களுக்கு முன் ஊதியவருக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி?

வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹால் பெரிய சிக்கல். இருமல் சிரப், மௌத்வாஷ், நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள், ஹோமியோபதி டிங்சர் எல்லாவற்றிலும் ஆல்கஹால் உண்டு. குடித்த உடனே ஊதினால் நுரையீரல் காற்றோடு வாய்க்குள் இருக்கும் ஆவியும் சேர்ந்து அளவு எகிறும். சுமார் 15 நிமிடத்தில் அது அடங்கிவிடும். அதனால் "ஐயா, இப்பதான் மருந்து குடிச்சேன், வாய் கொப்புளிச்சுட்டு பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதறேன்" என்று கேளுங்கள். ஏப்பம், வாந்தி வந்தாலும் இதே கதைதான். கும்பகோணம் வெற்றிலை போடுபவர்கள் பயப்பட வேண்டாம், வெற்றிலையில் ஆல்கஹால் இல்லை. எச்சில் குழாயை அடைக்காமல் இருக்கத் துப்பிவிட்டு ஊதுங்கள். பழைய சோறு சாப்பிட்டேன் என்ற வாதத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அது உங்கள் மற்ற நல்ல வாதங்களின் மரியாதையையும் கெடுத்துவிடும்.

மூச்சை வைத்து ரத்தத்தைக் கணக்கிடுவது ஒரு சராசரியை நம்பித்தான். 2,100 மில்லி மூச்சில் உள்ள ஆல்கஹால் 1 மில்லி ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். மூச்சுக் காற்றின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ரீடிங் சுமார் 6 முதல் 7 சதவீதம் கூடும். காய்ச்சலில் ஊதியவருக்கு இது முக்கியம். 34, 36 என்று எல்லையை ஒட்டி வந்த ரீடிங்குக்கு இந்த வாதம் பொருந்தும். 140 வந்தவருக்கு இது ஒன்றும் செய்யாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல். உடலில் கீட்டோன் கூடும்போது மூச்சில் அசிட்டோன் வரும். விலை குறைந்த செமிகண்டக்டர் சென்சார் அதையும் ஆல்கஹாலாக எடுத்துக்கொள்ளலாம். ஃப்யூயல் செல் சென்சார் பெரும்பாலும் ஏமாறாது. ஆகவே மெஷின் எந்த வகை என்று தெரியாமல் இந்த வாதத்தை எடுக்காதீர்கள்.

இப்போது சீட்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விரல் நீளத் தெர்மல் காகிதம், பஸ் டிக்கெட் மாதிரி. அதில் மெஷின் சீரியல் எண், டெஸ்ட் எண், தேதி, நேரம், வெறுங்காற்று ரீடிங், உங்கள் ரீடிங், அலகு, கடைசியாக அளவு சரிபார்த்த தேதி, கையெழுத்து ஆகியவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது இல்லையோ அது உங்கள் கேள்வி. நேரம் 22:14 என்று அச்சாகி, கைது குறிப்பில் 21:50 என்று இருந்தால் ஊதும் முன்பே கைது செய்துவிட்டார்கள் என்று ஆகிறது, அல்லது மெஷின் கடிகாரம் தவறு. இரண்டில் எதுவானாலும் சாட்சி பதில் சொல்ல வேண்டும். தெர்மல் காகிதம் சட்டைப் பையில் சூட்டில் ஒரு வாரத்தில் மங்கிவிடும். கிடைத்த நிமிடமே மொபைலில் படம் எடுங்கள். சீட்டு தரவில்லை என்றால் திரையையாவது எடுக்க அனுமதி கேளுங்கள்.

அலகை விட்டுவிடாதீர்கள். சில மெஷின் ரத்தத்தின் அளவைக் காட்டும், சில மூச்சின் அளவைக் காட்டும். சட்டத்தின் 30 மில்லிகிராம், மூச்சுக் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 0.143 மில்லிகிராம். ஒரு சீட்டில் வெறுமனே "0.12" என்று இருக்கிறது என்று வையுங்கள். அது மூச்சில் லிட்டருக்கு 0.12 மில்லிகிராம் என்றால் ரத்தக் கணக்கில் 25.2 வரும், குற்றமே இல்லை. அதுவே ரத்தத்தில் 0.12 சதவீதம் என்றால் 120 மில்லிகிராம், எல்லைக்கு நான்கு மடங்கு. அலகு இல்லாத சீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

வெறுங்காற்று சோதனை ஒரு சடங்கு என்று நினைக்க வேண்டாம். 2025-ல் கேரள உயர் நீதிமன்றம், ஊதுவதற்கு முன் மெஷின் பூஜ்யம் காட்டாத ஒரு வழக்கில் அந்த ரீடிங்கை நம்ப முடியாது என்று 185 குற்றச்சாட்டை ரத்து செய்தது. கேரளத் தீர்ப்பு நம் மாஜிஸ்திரேட்டைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டாகத் தாராளமாக வைக்கலாம். இன்னொன்று, பிரிவு 203-ன் விளக்கப்படி மத்திய அரசு கெஜட்டில் அறிவித்து ஒப்புதல் தந்த வகைக் கருவியால் செய்த சோதனைதான் "மூச்சுச் சோதனை". இந்த மாடலுக்கு அந்த அறிவிக்கை எங்கே என்று கேளுங்கள். எளிமையான, பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது.

ஸ்டேஷனும் ஆஸ்பத்திரியும்

கைதான நிமிடத்திலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். பிரிவு 202-ன்படி, 185-ல் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விட வேண்டும். விட வேண்டும் என்பதுதான். வழக்கே செத்துவிடும் என்று பொருள் இல்லை. ஆனால் தாமதம் ஆவணத்தில் பதிந்தால் பின்னால் உதவும்.

ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203(5) சொல்கிறது. மரியாதையாகக் கேளுங்கள்: "சார், ஸ்டேஷன்ல ஒரு தடவை ஊத சட்டத்துல இடம் இருக்கு, குடுங்க." தரவில்லை என்றால் நேரத்தோடு குறியுங்கள். கைதின் காரணத்தைச் சொல்வதும் வீட்டுக்குத் தகவல் தருவதும் அவர்கள் கடமை, வக்கீலைப் பார்ப்பது உங்கள் உரிமை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் வாடை, கண், நடை பார்த்து ஒரு சான்று எழுதுவார். அது மட்டும் போதாது. வாடை, தள்ளாட்டம், கண்மணி விரிவு ஆகியவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவு செய்ய முடியாது என்று 1971-ல் பச்சுபாய் ஹசனலி கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 திருத்தம் "வேறு எந்தச் சோதனையும்" என்று சேர்த்ததைக் காட்டி அரசுத் தரப்பு வாதாடலாம். அதற்குப் பதில்: மூக்கு 30 மில்லிகிராமை அளக்காது.

ரத்தம் எடுத்தால் கவனிக்க வேண்டியவை வேறு. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. குப்பியில் சோடியம் ஃப்ளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் கிருமி வளர்ந்து குப்பிக்குள்ளேயே ஆல்கஹால் உண்டாகலாம். முத்திரை, எடுத்த நேரம், ஃப்ரிட்ஜில் வைத்ததா, எந்தத் தேதியில் யார் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுத்து வேண்டும். பெண்ணிடம் ஆண் டாக்டர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடன் இருந்தே ஆக வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகல் கைதானவருக்குத் தரப்பட வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அளவுக்குள் இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டும் தாமாக ரத்தப் பரிசோதனை கேட்பது நல்லது. ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இறங்கும். அதனால் இரண்டு மணி நேரம் கழித்து 28 வந்தாலும் ஓட்டும்போது அதிகம் இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துவிட்டுப் போடுங்கள். ரீடிங்கை ஏற்கவில்லை என்றால் கையெழுத்தின் பக்கத்தில் "அளவை ஏற்கவில்லை" என்று நேரத்தோடு எழுதுங்கள். "குடித்திருந்தேன்" என்று போலீஸிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் உங்களுக்கு எதிராகச் செல்லாது, ஆனாலும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

வண்டியை என்ன செய்வார்கள்? வண்டியைப் பிடித்து வைக்கும் பிரிவு 207-ல் 185 இல்லை. கைது செய்யும்போது வண்டியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்த மட்டும் 202(3) இடம் தருகிறது. குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவரை வரவழைத்து ஒப்படைக்கக் கேளுங்கள். 2021-ல் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதே வழியைத்தான் சொன்னது. லைசென்ஸை வாங்கினால் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது.

முதல் வாரத்தில்

செக்கிங் நடந்த இடத்தில் கடை, பெட்ரோல் பங்க் கேமரா இருந்தால் மறுநாளே போய்ப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பிறகு ஸ்டேஷன் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு மனு. மாவட்ட எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போட்டு, அந்த சீரியல் எண் மெஷினின் வாங்கிய தேதி, கடைசி இரண்டு அளவுச் சரிபார்ப்புச் சான்று, பழுது பதிவேடு, அன்றைய இரவின் எல்லா டெஸ்ட் எண்களும் ரீடிங்குகளும் கேளுங்கள். பெயர்களைக் கேட்காதீர்கள், அதைக் காரணம் காட்டி மறுப்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். விசாரணையில் உள்ளது என்று மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94-ல் அந்த ஆவணங்களை வரவழைக்க கோர்ட்டிலேயே மனு செய்யலாம்.

கோர்ட்டில்

முதல் வாய்தாவில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "குற்றத்தை மறுக்கிறேன், விசாரணை வேண்டும்." பின் எல்லா நகல்களையும் வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். முதல் முறைக் குற்றத்துக்கு வழக்கைத் தாக்கல் செய்யும் காலக்கெடு ஒரு வருடம். தேதியைக் கணக்குப் பாருங்கள்.

எஸ்.ஐ. கூண்டில் ஏறும்போது கேட்க வேண்டியவை நீளமாக இருக்க வேண்டாம். அன்றைக்கு யூனிஃபார்மில் இருந்தீர்களா? சந்தேகம் வரக் காரணம் என்ன, எங்கே எழுதினீர்கள்? பூஜ்யம் காட்டிய சீட்டு எங்கே? குழாயை மாற்றியது யார்? இந்த மெஷினை இயக்கப் பயிற்சி பெற்றீர்களா? ஸ்டேஷனில் மறுபடி ஊதவைத்தீர்களா? சீட்டு மின்னணு ஆவணம் என்றால் அதற்குப் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன்படி சான்று எங்கே? பதில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்வி சாட்சிக்கு ஓட்டையை அடைக்க வாய்ப்புத் தரும். நல்ல குறுக்கு விசாரணைகள் பல அப்படித்தான் கெட்டுப்போகின்றன.

விபத்தில் யாருக்காவது அடிபட்டிருந்தால் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். உயிர் போயிருந்தால் வழக்கு கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்வரை போகலாம். அலிஸ்டர் பெரேரா, சஞ்சீவ் நந்தா வழக்குகளில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிலையைத்தான் எடுத்தது. ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருப்பவரிடம் மூச்சு மாதிரி கேட்க, சிகிச்சை தரும் டாக்டருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை கெடும் என்று அவர் ஆட்சேபித்தால் கேட்க முடியாது. இன்ஷூரன்ஸும் வேறு பாதை. மூச்சுச் சோதனையே இல்லாவிட்டாலும் குடிபோதையை வேறு சாட்சியத்தால் நிரூபித்துக் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம் என்று 2021-ல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது.

லைசென்ஸ், எல்லை, மேல் கோர்ட்

கோர்ட்டில் வழக்கு நடக்கும்போதே ஆர்.டி.ஓ. தனியாக லைசென்ஸை நிறுத்திவைக்க நோட்டீஸ் அனுப்பலாம். பிரிவு 19-ன்படி உங்களைக் கேட்டு, காரணத்தை எழுதித்தான் உத்தரவு போட வேண்டும். நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். குற்றத்தை மறுத்திருப்பதையும் மெஷின் குறைபாட்டையும் எழுத்தில் கொடுங்கள். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல்.

காரைக்கால் போய்வருபவர்கள் இரண்டு வழக்கைக் குழப்பிக்கொள்கிறார்கள். எல்லைச் சோதனைச் சாவடி உள்ள வாஞ்சூரிலோ நண்டலாற்றிலோ வண்டியில் பாட்டில் இருந்தால் அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்ட வழக்கு, அதற்கு ஊதும் மெஷினே வேண்டாம். குடித்து ஓட்டியது 185 வழக்கு. இரண்டும் சேர்ந்து போட்டால் ஒன்றில் சொல்லும் பதில் மற்றதில் இடிக்காமல் பார்க்க வேண்டும். காரைக்கால் எல்லைக்குள் பிடித்தாலும் அதே மத்தியச் சட்டம், அதே 30 மில்லிகிராம். விசாரணை மட்டும் காரைக்கால் கோர்ட்டில்.

சோதனையே நடக்கவில்லை, அல்லது சீட்டே குற்றத்தைக் காட்டவில்லை என்பது ஆவணத்தைப் பார்த்ததுமே தெரிந்தால், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 528-ல் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகலாம். சாட்சியை விசாரித்துத்தான் தெரியும் என்ற விஷயமாக இருந்தால் அங்கே போய்ப் பயனில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை வழக்கு என்றால் மதுரைக் கிளை. மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் என்றால் சென்னை. வலங்கைமான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் திருவாரூர் மாவட்டம், அதனால் அந்த மனுவும் சென்னைக்குத்தான் போக வேண்டும்.